உள்ளூர் இ-ஸ்போர்ட்ஸ் போட்டியில் மோசடியைக் கண்டுபிடிப்பது எப்படி? நடுவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பொங்கல் விடுமுறையில் சிராவயல் மஞ்சுவிரட்டுக்குக் கூட்டம் கிளம்புகிற அதே வாரத்தில், காரைக்குடியில் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் இளைஞர்கள் கைப்பேசியும் கையுமாக வரிசைகட்டி உட்கார்ந்திருப்பார்கள். தேவகோட்டை அணி, புதுவயல் அணி, கல்லூரி விடுதியிலிருந்து இரண்டு அணிகள், மேடையில் ஒரு கோப்பை. மதியச் சாப்பாட்டுக்குள் ஒரு சண்டை வந்துவிடும். தோற்ற அணியில் யாராவது எழுந்து, எதிரணிப் பையன் ஹேக் (ஏமாற்று மென்பொருள்) போட்டு ஆடுகிறான் என்பார். மண்டபமே நடுவரைத் திரும்பிப் பார்க்கும்.

அந்த இடத்தில் நிற்கப்போகிறவருக்காக இதை எழுதுகிறேன். பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் போன்ற கைப்பேசி விளையாட்டுகளையும், வாலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற கணினி விளையாட்டுகளையும் மனத்தில் வைத்திருக்கிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஏமாற்றுகிறவனைப் பிடிப்பது பாதி வேலை, ஏமாற்றாதவனைப் பிடித்துவிடாமல் இருப்பது மீதிப் பாதி, அதுதான் சிரமமானது. பெருநகரத்தில் ஒரு பையனைத் தவறாக வெளியேற்றினால் அவன் அடுத்த போட்டிக்குப் போய்விடுவான். இங்கே அவனுடைய பெரியப்பா உங்கள் தெருவில் கடை வைத்திருப்பார். பட்டம் ஒட்டிக்கொண்டால் கல்யாணப் பேச்சு வரைக்கும் வரும்.

முதல் படி: மோசடி எங்கே குடியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நகரத்தார் ரங்கூனிலும் பினாங்கிலும் லேவாதேவிக் கடை நடத்திய காலத்தில் ஏஜென்ட் மூன்றாண்டுத் தவணைக்குக் கப்பலேறுவார்; முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். லாபம் இவ்வளவு என்று ஏஜென்ட் ஒற்றை வரி எழுதி அனுப்பினால் செல்லாது. பற்றும் வரவும் வரிவரியாக வந்தாக வேண்டும். கூட்டிப் பார்ப்பது ஊரில்தான். நன்றாக வடிவமைக்கப்பட்ட ஆன்லைன் விளையாட்டும் இதே ஒழுங்கில்தான் நடக்கிறது. உங்கள் கைப்பேசி ஏஜென்ட். நிறுவனத்தின் சர்வர் முதலாளி. "அவனைக் கொன்றுவிட்டேன்" என்று கைப்பேசி சொன்னால் சர்வர் ஏற்காது. "இந்த நொடியில், இந்தத் திசையில் சுட்டேன்" என்று மட்டுமே கைப்பேசி சொல்லலாம். குண்டு பட்டதா, எவ்வளவு சேதம் என்பதைச் சர்வர் கணக்கிடும்.

எந்த மோசடி எளிது, எது கடினம் என்பது இதிலிருந்து தெளிவாகும். காற்றில் பறப்பது, மின்னல் வேகத்தில் ஓடுவது, சாகாமலே இருப்பது எல்லாம் சர்வர் சரிபார்க்காமல் விட்ட கணக்குகளால் வருபவை. அவை பார்த்தவுடன் தெரியும். நடுவருக்கு வேலையே இல்லை. தலைவலி தருபவை வேறு இரண்டு வகை.

ஒன்று, தகவலைத் திருடுவது. சுவருக்குப் பின்னால் எதிரி நிற்கிறான் என்றால் அவன் வெளியே வரும் கணத்தில் திரையில் வரைவதற்காக அவன் இருக்கும் இடத்தைச் சர்வர் உங்கள் கருவிக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுகிறது. திரை காட்டாது, ஆனால் கருவியின் நினைவகத்தில் இருக்கும். அதைப் படித்துத் திரையில் கோடு போட்டுக் காட்டுவதுதான் வால்ஹேக், இஎஸ்பி, ரேடார் ஹேக் எல்லாம். சர்வருக்கு எந்தப் பொய்யும் போகவில்லை என்பதால் சர்வரால் நேரடியாகக் கண்டுபிடிக்க முடியாது. வாலரண்ட் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறது: எதிரி கண்ணில் படப்போகும் தறுவாய் வரை அவன் இடத்தைச் சர்வர் அனுப்புவதே இல்லை. இல்லாத தகவலைத் திருட முடியாதல்லவா?

இரண்டாவது, கையைக் கடன் வாங்குவது. குறியை எதிரியின் தலைமேல் தானாக வைக்கும் எய்ம்பாட், குறி எதிரிமேல் பட்டவுடன் தானாகச் சுடும் டிரிகர்பாட், துப்பாக்கியின் உதைப்பைச் சரிசெய்யும் மேக்ரோ ஆகியவை இந்த வகை. சர்வருக்குப் போவது "இந்தத் திசையில் சுட்டேன்" என்ற நியாயமான செய்திதான். அந்தத் திசையைத் தேர்ந்தெடுத்தது விரலா மென்பொருளா என்று செய்தியைப் பார்த்துச் சொல்ல இயலாது.

இவை வந்து சேரும் வழிகளையும் அறிந்திருங்கள். கைப்பேசியில் பெரும்பாலும் மாற்றியமைக்கப்பட்ட ஏபிகே (ஆப்பை நிறுவும் கோப்பு), ரூட் செய்யப்பட்ட, அதாவது உள்பூட்டு உடைக்கப்பட்ட கருவி, விளையாட்டின் மேல் மிதக்கும் சிறு ஆப், புல்லை மறைத்துவிடும் கோப்பு மாற்றம் ஆகியவற்றின் வழியாக வரும். கணினியில் பின்னணியில் ஓடும் நிரல். விலை கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் டிஎம்ஏ எனப்படும் அட்டையைக் கணினிக்குள் செருகி, நினைவகத்தை இன்னொரு கணினியிலிருந்து படிப்பார்கள். ஆடும் கணினியில் எந்த நிரலும் ஓடாது. நம்மூர்க் கோப்பைக்கு யாரும் அவ்வளவு செலவழிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஆனாலும் கணினியைச் சொந்தமாகக் கொண்டுவர அனுமதித்தால் அந்தக் கதவும் திறந்துதான் இருக்கிறது.

இரண்டாம் படி: நிறுவனத்தின் காவல் எதுவரை என்று அளந்துகொள்ளுங்கள்

ஆன்டி-சீட் எனப்படும் மோசடித் தடுப்பு மென்பொருள் இருக்கும்போது நடுவர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கவுண்டர் ஸ்ட்ரைக்கின் வால்வ் நிறுவனத்தினுடைய விஏசி 2002 முதல் இயங்குகிறது. அது பல நேரங்களில் மோசடியைக் கண்டவுடன் வெளியேற்றுவதில்லை; பொறுத்திருந்து, பலரை ஒரே அலையில் தடை செய்யும். உடனே தடை செய்தால் எந்த நிரல்வரி தன்னைக் காட்டிக்கொடுத்தது என்று ஹேக் எழுதியவருக்குத் தெரிந்துவிடும். நிறுவனத்துக்கு அது நல்ல தந்திரம். ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பரிசு கொடுக்க வேண்டிய உங்களுக்கு அதனால் பயனில்லை.

2020-இல் வாலரண்டோடு வந்த வேன்கார்ட் இன்னும் ஆழமாகப் போகிறது. விண்டோஸ் தொடங்கும்போதே, இயக்க முறைமையின் அடித்தளத்தில் தானும் எழுந்துகொள்கிறது. தனக்கு முன்னால் எந்த ஹேக்கும் எழுந்துவிடக் கூடாது என்பதற்காக. கணினியின் அந்தரங்கத்துக்குள் ஒரு விளையாட்டு நிறுவனம் அவ்வளவு தூரம் நுழையலாமா என்ற விவாதம் அன்றிலிருந்து ஓயவில்லை. எனக்கும் அதில் முழுச் சம்மதம் இல்லை. நடைமுறையில் நீங்கள் கவனிக்க வேண்டியது, விண்டோஸ் 11-இல் வேன்கார்டுக்கு டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற கணினியின் பாதுகாப்பு வசதிகள் இரண்டும் இயங்க வேண்டும் என்பது. வாடகைக்கு எடுத்த பழைய கணினிகளில் இவை அணைந்திருந்தால் போட்டி அன்று காலையில் விளையாட்டே திறக்காது. முந்தின நாளே ஒவ்வொரு கணினியிலும் ஓர் ஆட்டம் ஆடிப் பாருங்கள்.

பொறி வைத்துப் பிடிப்பதும் உண்டு. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. 2023 பிப்ரவரியில் டோட்டா 2 விளையாட்டில் வால்வ் ஒரு பேட்ச் (திருத்தப் பதிப்பு) வெளியிட்டது. சாதாரணமாக ஆடும்போது எந்தக் காலத்திலும் படிக்கப்படாத ஒரு தரவுப் பகுதியை அதில் ஒளித்து வைத்திருந்தது. அந்தப் பகுதியைப் படித்த கணக்கு ஹேக் வைத்திருக்கும் கணக்கு. 40,000-க்கும் மேற்பட்ட கணக்குகள் ஒரே வீச்சில் போயின. கால் ஆஃப் டூட்டி விளையாட்டின் காவல் மென்பொருளான ரிகோஷே, ஏமாற்றுபவர்களின் திரையில் மட்டும் தெரியும் பொய் எதிரிகளை உலவ விடுகிறது. நல்ல ஆட்டக்காரருக்கு அந்த உருவம் தெரியவே தெரியாது. ஹேக் வைத்திருப்பவர் வெறும் காற்றை நோக்கிச் சுட்டுக்கொண்டிருப்பார். இந்தக் கருத்தை மட்டும் நினைவில் வையுங்கள். ஐந்தாம் படியில் நம் கைக்கெட்டிய வடிவத்தில் அது திரும்ப வரும்.

மூன்றாம் படி: விதிகளைப் போட்டிக்கு முன்னால் எழுத்தில் கொடுங்கள்

வாய்மொழி விதி சண்டையில் செல்லாது. ஒரு பக்கத்துக்கு மிகாமல் தமிழில் எழுதி, ஒவ்வோர் அணித் தலைவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். எந்த விளையாட்டு, எந்தப் பதிப்பு, எமுலேட்டர் (கைப்பேசி விளையாட்டைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) கூடாது, டிரிகர் பொத்தான் போன்ற துணைக்கருவி உண்டா இல்லையா, ஆட்டத்தைப் பதிவு செய்வது கட்டாயமா, புகாரை எத்தனை நிமிடத்துக்குள் கொடுக்க வேண்டும், யார் முடிவெடுப்பார்கள், மேல்முறையீட்டை யார் கேட்பார்கள் என்பவை அதில் இருந்தால் போதும். ஒரு வரியைக் கட்டாயம் சேருங்கள்: பரிசுத் தொகை பத்து நாள் கழித்தே வழங்கப்படும். கோப்பையை அன்றே கொடுத்துவிடலாம். காரணம் கடைசிப் படியில்.

பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் ஆடினால் பெற்றோர் ஒப்புதல் வாங்குங்கள். 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்கிறது. இ-ஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து அங்கீகரிக்கிறது. ஆகவே நுழைவுக் கட்டணம் வசூலித்து அதையே பரிசாகப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாட்டில் இறங்கும் முன் ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள். நான் சொல்வது எளிய வழி: கட்டணமே வேண்டாம், பரிசுக்கு ஊர்க் கடைக்காரர்களிடம் நன்கொடை கேளுங்கள். ஓரத்தில் நின்று பந்தயம் கட்டுபவர்களை மண்டபத்துக்குள் விடவே விடாதீர்கள். பணம் புழங்கும் இடத்துக்குத்தான் விலைகொடுத்து வாங்கிய ஹேக் வரும்.

நான்காம் படி: இடத்தையும் கருவியையும் உங்கள் கைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்

எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைப்பதைப்போல் பலன் தரும் தடுப்பு வேறெதுவும் இல்லை. முதல் சுற்றுகளை வேண்டுமானால் வீட்டிலிருந்து ஆடட்டும். காலிறுதியிலிருந்து நேரில் வரச் சொல்லுங்கள். வீட்டில் புலியாக இருந்தவர் மண்டபத்தில் பூனையாகிவிட்டால் அது ஆதாரம் ஆகாது. கூட்டத்தைப் பார்த்துக் கை நடுங்குபவர்கள் உண்டு. ஆனால் முதல் சுற்றுப் பதிவுகளை மறுபடி எடுத்துப் பார்க்க அது போதிய காரணம்.

ஆட்டக்காரர்கள் சுவரைப் பார்த்தும் திரைகள் நடுவரைப் பார்த்தும் இருக்குமாறு நாற்காலிகளைப் போடுங்கள். பெரிய வீடுகளில் போட்டி வைக்கும் வாய்ப்பு கிடைத்தால் வளவு இதற்குத் தோதான இடம். நான்கு பக்கத் தாழ்வாரத்திலும் ஆட்டக்காரர்கள் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தால், நடு முற்றத்தைச் சுற்றி நடக்கும் ஒரே நடுவர் எல்லாத் திரைகளையும் பார்த்துவிடலாம். பார்வையாளர்களுக்கான பெரிய திரையை முகப்பில் வையுங்கள், சத்தத்தோடு சேர்த்து. அதே கூடத்தில் வைத்தால் எதிரணி எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைக் கைதட்டலே சொல்லிவிடும். நேரலை உண்டென்றால் சில நிமிடங்களாவது தாமதித்து ஒளிபரப்புங்கள்.

கைப்பேசிச் சோதனையை ஆட்டக்காரர் கையாலேயே, உங்கள் கண்முன் செய்ய வையுங்கள். நீங்கள் அவர் கைப்பேசியை வாங்கிக் கிளறாதீர்கள். விளையாட்டை நீக்கிவிட்டுப் பிளே ஸ்டோரிலிருந்து மறுபடி நிறுவச் சொன்னால் மாற்றியமைக்கப்பட்ட ஏபிகே போய்விடும். ஆனால் பதிவிறக்கம் பெரியது. முந்தின நாள் மாலையே இதை முடித்துக்கொள்ளுங்கள். பிறகு அமைப்புகளில் "பிற ஆப்களின் மேல் காட்டு" என்ற அனுமதி யார் யாருக்கு இருக்கிறது என்று பாருங்கள். அடுத்து அணுகல்தன்மை சேவைகளின் பட்டியல். மிதக்கும் ஹேக்குகளுக்கும் தானாகத் தட்டும் ஆப்களுக்கும் இந்த இரண்டு அனுமதிகளில் ஒன்று வழக்கமாகத் தேவைப்படும். புகைப்படத் தொகுப்பையோ வாட்ஸாப்பையோ திறக்கச் சொல்லும் உரிமை உங்களுக்குக் கிடையாது.

கணினி என்றால் போட்டிக்கான கணினியை நீங்களே கொடுங்கள். சுட்டி, விசைப்பலகை மட்டும் அவர்கள் கொண்டுவரலாம். இணையமும் பென்டிரைவும் பூட்டியிருக்கட்டும். இந்தக் கண்டிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்ததைச் சொல்லுங்கள். எக்ஸ்ட்ரீம்ஸ்லேண்ட் கவுண்டர் ஸ்ட்ரைக் போட்டியில், ஆப்டிக் இந்தியா அணியில் "ஃபர்சேகன்" என்ற பெயரில் ஆடியவரின் கணினியில் எய்ம்பாட் ஓடிக்கொண்டிருந்தது. கோப்பின் பெயர் வேர்ட் டாட் இஎக்ஸ்இ. அலுவலக மென்பொருள்போல் தோன்றும்படி வைத்த பெயர். நடுவர் கணினியை நெருங்கியபோது அவர் அதை மூடி மறைக்க முயன்றது காணொளியிலேயே பதிவானது. அணி கலைக்கப்பட்டது, அவருக்கு ஐந்தாண்டுத் தடை. ஒன்றும் அறியாத சக ஆட்டக்காரர்களும் வேலை இழந்தார்கள். பன்னாட்டு மேடையிலேயே அது நடந்திருக்கிறது என்றால் நம் மண்டபத்தில் நடக்காது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

இணைப்பு நிலவரத்தையும் கவனியுங்கள். ஆளுக்கொரு மொபைல் டேட்டாவில் ஆடினால், வேண்டுமென்றே இணைப்பைத் துண்டித்துத் துண்டித்து ஆடும் தந்திரத்தையும் உண்மையான சிக்னல் கோளாறையும் பிரித்தறிய உங்களால் முடியாது. எல்லோரும் நீங்கள் தரும் ஒரே வைஃபையில் இருக்கட்டும். மின்தடைக்கு ரூட்டருக்காவது யூபிஎஸ் வையுங்கள்.

வீட்டிலிருந்து ஆடும் சுற்றுகளுக்கு இரண்டாவது கைப்பேசியால் பக்கவாட்டில் கையையும் திரையையும் படம்பிடிக்கச் சொல்லுங்கள். கட்டைவிரல் அசைவும் திரையில் குறியின் அசைவும் பொருந்துகின்றனவா என்பதற்கு இதைவிட மலிவான சான்று கிடைக்காது.

ஐந்தாம் படி: பதிவைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இங்கேதான் நடுவரின் உண்மையான வேலை இருக்கிறது. புகார் வந்தவுடன் அந்தப் பத்து நொடிக் காட்சியை மட்டும் பார்க்காதீர்கள். யார் ஆட்டத்திலும் அப்படிப் பத்து நொடி உண்டு. முழு ஆட்டத்தையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் குறியின் ஓட்டம். நொடிக்கு 60 ஃப்ரேம் பதிவில் ஒரு ஃப்ரேம் ஏறத்தாழ 17 மில்லி நொடி. எதிரி திரையில் தெரிந்த ஃப்ரேமை நிறுத்தி எண்ணத் தொடங்குங்கள். ஒரு காட்சியைக் கண்டு கை அசைய மனிதருக்குப் பொதுவாக 200 முதல் 250 மில்லி நொடி ஆகும். பயிற்சி பெற்றவர் இதைவிட வேகமாக இருக்கலாம். ஆக எதிரி தெரிந்ததும் பத்துப் பன்னிரண்டு ஃப்ரேம் வரை குறி சும்மா இருக்கும். பிறகு விருட்டென்று பாயும், பெரும்பாலும் இலக்கைச் சற்றுத் தாண்டிவிடும் அல்லது எட்டாமல் நிற்கும், அதன்பின் ஒரு சிறு திருத்தம் வரும். இந்தப் பாய்ச்சலும் திருத்தமும் ஒவ்வொரு முறையும் வேறு வேறாக இருக்கும். மென்பொருள் ஓட்டும் குறி, எதிரி தெரிந்த இரண்டு மூன்று ஃப்ரேமில் கிளம்பி, தாண்டாமல் தலையில் போய் ஒட்டிக்கொள்ளும். எதிரி கதவுக்குப் பின்னால் மறைந்த பிறகும் கதவினூடே அவன் தலையைப் பின்தொடரும். ஒருமுறை அப்படி நடந்தால் அதிர்ஷ்டம் எனலாம். ஒரே ஆட்டத்தில் அதே வடிவம் திரும்பத் திரும்ப வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஹேக் எழுதுகிறவர்களும் இதை அறிவார்கள். செயற்கை நடுக்கத்தையும் தாமதத்தையும் சேர்த்து விற்கிறார்கள். அதனால் குறியின் ஓட்டம் சுத்தமாக இருப்பது குற்றமின்மைக்கும் சான்றாகாது.

வால்ஹேக்குக்கு வேறு முறை. சந்தேகத்துக்குரிய ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: அந்த இடத்தில் ஆள் இருப்பது இவருக்கு எப்படித் தெரிந்திருக்கலாம்? காலடிச் சத்தம், துப்பாக்கிச் சத்தம், சிறு வரைபடத்தில் புள்ளி, கூட்டாளி குரல் கொடுத்தது, சற்று முன்பு கண்ணில் பட்டது, எல்லோரும் ஒளியும் வழக்கமான மூலை. இவற்றில் எதுவும் பொருந்தாத வரிகளை மட்டும் தனியே எடுங்கள். அப்போது பெரும்பாலான புகார்கள் கரைந்துவிடும்.

அடுத்து, பலரும் செய்யாத வேலை ஒன்று உண்டு. எதிர்ப்பக்கச் சான்றைத் தேடுங்கள். இரண்டாம் படியில் சொன்ன பொறிக்கு நம் கைக்கெட்டிய வடிவம் இதுதான்: ஆளில்லாத இடத்தில் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்ப்பது. அவர் எப்போதெல்லாம் ஏமாந்தார்? முதுகில் குண்டு வாங்கியது எத்தனை தடவை? ஆளில்லாத வீட்டுக்குள் எத்தனை கையெறி குண்டு வீணடித்தார்? தேவகோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன்மேல் வந்த புகாரை விசாரித்தது நினைவிருக்கிறது. புகைக்குள்ளிருந்து எதிரியைச் சுட்டு வீழ்த்தியிருந்தான். காட்சியைப் பார்த்தவர்கள் எல்லோரும் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். முழுப் பதிவில் அதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தைப் பார்த்தோம். ஒரு மாடி வீட்டின் படிக்கட்டில் குண்டு எறிந்துவிட்டு, கதவோரம் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறான். மேலே யாரும் இல்லை. பிறகு ஒவ்வோர் அறையாகத் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நுழைகிறான், எல்லாம் காலி. சுவர் தாண்டிப் பார்க்கத் தெரிந்தவன் காலி வீட்டுக்கு அவ்வளவு மரியாதை கொடுக்க மாட்டான். புகைக்குள் இருந்தவன் துப்பாக்கிக்குத் தோட்டா நிரப்பிய சத்தம் பதிவிலேயே கேட்டது. "அண்ணே, ஹெட்செட்டில் கேட்டுத்தான் சுட்டேன்" என்று அவன் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது பொய்யில்லை.

பார்வையாளர் காட்சியும், செத்தவருக்குத் திரும்பக் காட்டப்படும் கொலைக் காட்சியும் ஆட்டக்காரர் கண்டதை அப்படியே காட்டுவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இணையத்தில் தாமதம் இருப்பதால், சுட்டவர் விசையை அழுத்திய கணத்தில் அவர் திரையில் எதிரி எங்கே இருந்தான் என்று சர்வர் காலத்தைச் சற்றுப் பின்னோக்கி நகர்த்திக் கணக்கிடுகிறது. அதனால் சுவருக்குப் பின்னால் ஓடி ஒளிந்த பிறகும் செத்துப்போவது நடக்கும். செத்தவருக்கு அது அப்பட்டமான அநியாயமாகத் தெரியும். உண்மையில் அது பிங் எனப்படும் அந்தத் தாமதம் செய்யும் வேலை. கோபமாக வரும் புகார்களில் கணிசமானவை இந்த ரகம்.

ஆறாம் படி: எண்களைப் பார்த்து மயங்காதீர்கள்

தலையில் பட்ட குண்டுகளின் விகிதம், ஆட்டத்துக்கு எத்தனை வீழ்த்தல் என்ற கணக்குகளை வைத்துத் தீர்ப்பு எழுத ஆசை வரும். ஒரு சிறு கணக்கு போட்டுப் பாருங்கள். 200 பேர் ஆடுகிறார்கள். அவர்களில் 4 பேர் ஏமாற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் இருக்கும் சோதனை ஏமாற்றுபவரை 100-க்கு 95 தடவை பிடிக்கும். நல்லவரை 100-க்கு 5 தடவை மட்டும் தவறாகப் பிடிக்கும். கேட்க அருமையான சோதனை. அது அந்த 4 பேரையும் பிடித்துவிடும் என்றே கொள்ளுங்கள். மீதி 196 நல்லவர்களில் கிட்டத்தட்ட 10 பேரையும் பிடிக்கும். பட்டியலில் 14 பெயர். அதில் 10 பேர் நிரபராதிகள். எண்கள் யாருடைய பதிவைப் பார்க்க வேண்டும் என்று சொல்லலாம். யாரை வெளியேற்ற வேண்டும் என்று சொல்லக் கூடாது.

பெரிய நிறுவனங்களும் இப்படித்தான் செய்தன. கவுண்டர் ஸ்ட்ரைக்கில் விஏசிநெட் என்ற இயந்திரக் கற்றல் முறையைப் பற்றி 2018-இல் வால்வ் விளக்கியபோது, அது நேரடியாகத் தடை செய்வதாகச் சொல்லவில்லை. சந்தேக ஆட்டங்களைப் பொறுக்கி எடுத்து, அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் ஓவர்வாட்ச் முறைக்கு அனுப்பியது.

ஏழாம் படி: மென்பொருள் இல்லாத மோசடியை மறந்துவிடாதீர்கள்

எல்லோரும் ஹேக்கையே தேடிக்கொண்டிருக்க, உள்ளூரில் அதிகம் நடப்பது வேறு. ஒருவர் பெயரில் இன்னொருவர் ஆடுவது. தனித்தனி அணிகளாகப் பதிந்துவிட்டு களத்துக்குள் கூட்டுச் சேர்வது. நேரலையைப் பார்த்து எதிரணி இடத்தைக் கூட்டாளிக்குச் சொல்வது. ஆள்மாறாட்டத்துக்கு அடையாள அட்டையும் முகமும் போதும். கூட்டுச் சேர்வதைப் பிடிக்க வேண்டுமானால் கஸ்டம் ரூமில் (போட்டிக்கென்று விளையாட்டுக்குள் திறக்கும் தனி அறை) நடுவருக்கான பார்வையாளர் இடத்தில் ஒருவரை உட்கார வைத்து, எந்த அணிகள் அடிக்கடி அருகருகே இறங்குகின்றன, கண்ணெதிரே கடந்தும் சுடாமல் போகின்றன என்று குறிக்கச் சொல்லுங்கள். ஒரே தெருப் பிள்ளைகள் இரண்டு அணியாக வந்தால் கவனம் கூடுதலாக இருக்கட்டும்.

பயிற்சியாளர்களையும் ஆட்ட நேரத்தில் தள்ளி வையுங்கள். கவுண்டர் ஸ்ட்ரைக்கில் பயிற்சியாளரின் காட்சி வரைபடத்தின் ஏதோ ஒரு மூலையில் மாட்டிக்கொள்ளும் பிழை ஒன்று இருந்தது. அதைப் பயன்படுத்தி எதிரணியை வேவு பார்த்ததற்காக 2020 செப்டம்பரில் 37 பயிற்சியாளர்களுக்கு இ-ஸ்போர்ட்ஸ் நேர்மை ஆணையம் தடை விதித்தது. அவர்களில் எவருக்கும் ஹேக் தேவைப்படவில்லை.

எட்டாம் படி: தீர்ப்பு

இரண்டு பேர் தனித்தனியாகப் பதிவைப் பார்க்க வேண்டும். முடிந்தால் ஆட்டக்காரரின் பெயரைத் திரையில் மறைத்துவிடுங்கள். இந்த ஊரில் பெயரைப் பார்த்தால் வீடு தெரியும், வீடு தெரிந்தால் தீர்ப்பு சாயும். ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கு முன் இருவரும் தம் முடிவை எழுதிவிட வேண்டும். இருவரும் ஒத்துப்போனால் மட்டும் அடுத்த கட்டத்துக்குப் போங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் ஆட்டம் செல்லும்; அடுத்த சுற்றில் அவர் பின்னால் ஒரு நடுவர் நிற்கட்டும்.

முடிவைச் சொல்வதற்கு முன் ஆட்டக்காரரைத் தனியறையில் கூப்பிட்டுக் கேளுங்கள். காட்சியைப் போட்டு, இந்த இடத்தில் ஆள் இருப்பது எப்படித் தெரிந்தது தம்பி என்று கேட்டால் போதும். உண்மையாக ஆடியவர் பெரும்பாலும் நொடிக்கு நொடி காரணம் சொல்வார். சில வேளை நீங்கள் கவனிக்காத சத்தத்தைச் சுட்டிக்காட்டுவார். பேச்சு வராமல் நிற்பவரைக் குற்றவாளி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்; பதினாறு வயதில் பெரியவர்கள் முன்னால் யாருக்குத்தான் பேச்சு வரும்?

திரையில் ஹேக் தெரிந்தாலும் அதை அவர்தான் போட்டார் என்றாகிவிடாது. 2024 மார்ச்சில் ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் விளையாட்டின் வட அமெரிக்க இறுதிச் சுற்று நடந்துகொண்டிருந்தபோதே, இரண்டு முன்னணி ஆட்டக்காரர்களின் ஆட்டத்துக்குள் வெளியாள் ஒருவர் நுழைந்து ஒருவருக்கு வால்ஹேக்கையும் மற்றவருக்கு எய்ம்பாட்டையும் ஏற்றிவிட்டார். இருவரும் திகைத்துப்போனது நேரலையில் தெரிந்தது. போட்டி தள்ளிவைக்கப்பட்டது. கடையில் வாங்கிய பழைய கைப்பேசி, அண்ணனுடைய கணக்கு, நண்பன் ஏற்றிக்கொடுத்த ஏபிகே என்று நம்மூரிலும் இதற்குச் சிறிய வடிவங்கள் உண்டு. வெளியேற்றுவது சரிதான். எத்தனை ஆண்டுத் தடை என்று எழுதும்போது இதை எண்ணிப் பாருங்கள்.

அறிவிப்பில் "விதி எண் இன்னதை மீறியதால் அணி தகுதி நீக்கம் செய்யப்படுகிறது" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மைக்கில் பெயர் வேண்டாம். காட்சித் துண்டை வாட்ஸாப் குழுக்களில் போட வேண்டாம். உங்கள் நடுவர்களிடமும் இதற்கு வாக்கு வாங்குங்கள். விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் புகார்ப் பொத்தான் வழியாக நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடுங்கள்.

பரிசுத் தொகையைப் பத்து நாள் நிறுத்தி வைக்கச் சொன்னது இதற்காகத்தான்: நிறுவனத்தின் தடை அலை உங்கள் போட்டி முடிந்த பிறகும் வரலாம். அதற்குள் வென்ற அணியில் ஒரு கணக்கு தடைபட்டால் மேல்முறையீட்டுக் குழு பதிவுகளை மறுபடி பார்க்கட்டும். தடைபடவில்லை என்றால் பதினோராம் நாள் காலையில் பணத்தைக் கணக்கில் போட்டுவிடுங்கள். அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். பதிவுகளையும் கையெழுத்திட்ட விதித்தாள்களையும் அடுத்த ஆண்டுப் போட்டி வரை ஒரு ஹார்டு டிஸ்கில் வைத்திருங்கள், கடவுச்சொல் இரண்டு பேரிடம் மட்டும் இருக்கட்டும்.